இன்னும் ஒரு ஆள்

நான் ஏறியது மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற ஷேர் ஆட்டோவில். இறக்கிவிடப்பட்டது, பாதி வழியில் கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு குப்பத்தில், மாதா கோயில் வாசலில். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மேல் அந்த ஆட்டோ எங்கே போகும் என்பது அதை ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லப்படுவதில்லை என்ற விவரம் அப்போது எனக்குத் தெரியாது.

"பத்து நிமிசம் குந்திட்டுப் போ, நைனா. உள்ள ஃபேன் கீது" என்றார் ஓட்டுகிறவர்.

பத்து நிமிடம் என்பது ஒன்றேகால் மணி நேரம். ஃபேன் இருந்தது. ஓடவில்லை.

என்னோடு அந்த வண்டியில் வந்த இன்னொருவர் கேளம்பாக்கத்திலிருந்து மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். தாம்பாளத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் பட்டையாக விபூதி. அதனால் என்ன? பெஞ்சில் ஒரு இடம் நிரம்பியதல்லவா, அது போதும்.

ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் இரண்டும் எப்போதும் இருக்காது. ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். அதன் பக்கத்திலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். கண்ணாடி ஓரத்தில் 786 ஒட்டியிருக்கும். இது மதநல்லிணக்கம் என்று நினைத்து நான் ஒருமுறை பாராட்டிவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எவன் எட்டிப் பார்த்தாலும் இது நம்ம வண்டி என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான் என்று விளக்கினார்.

அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "இன்னும் ஒரு ஆளு." வண்டியில் பத்துப் பேர் இருந்தாலும் இன்னும் ஒரு ஆள். பதினோராவது ஆள் ஏறியதும் அவர் தன் இருக்கையில் பாதியைக் கொடுத்துவிட்டு, ஒரு தொடை காற்றில் தொங்க ஓட்டுவார். அப்போதும் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு நிற்கிற யாரையாவது பார்த்துவிட்டால் கை தானாக பிரேக்குக்குப் போகும். அங்கே மீன் விற்கிற அம்மா ஒருவர் தினமும் அந்த வண்டியில்தான் போவார். கூடையையும் ஒரு ஆளாக எண்ணுகிறான் என்று தினமும் சண்டை. "எம்மடியில ஒருத்தன குந்த வை, அவன் தலைமேல கூடைய வை, அதுமேல நீ ஏறிகினு ஓட்டு" என்பார் அந்த அம்மா. இவர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது போலத்தான் தெரியும்.

போகாத ஊரின் பெயரையும் கூவி ஏற்றுவார். இறக்கிவிடும்போது திட்டுவார்கள். "ஏத்துற வரிக்கும்தான் பேச்சு. ஏறிட்டா அவனும் குந்திகினு வரான், நானும் ஓட்டிகினு போறேன்" என்பார்.

அந்தக் கோயிலுக்கு அவர் யார் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். உபதேசியார் இல்லை. கமிட்டியில் இல்லை. பாடத் தெரியாது. யாரும் அவரை எந்த வேலைக்கும் நியமிக்கவில்லை. ஆகையால் யாராலும் அவரை நீக்கவும் முடியவில்லை. மணி அடிப்பார், பெஞ்சைத் துடைப்பார், பூசைக்கு ஆள் கூப்பிடுவார். ஐந்து பேர் பெஞ்சில் எட்டுப் பேருக்கு இடம் இருக்கிறது என்று கையால் அளந்து காட்டுவார். எட்டுப் பேர் என்றைக்கு வந்தார்கள் என்பது வேறு விஷயம். குப்பத்து ஆண்களுக்கு ஞாயிறு என்றால் வலை பிரிக்கிற நாள். சிறுசேரி கம்பெனி வேனில் போய்வரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் அன்று ஒருநாள்தான் தூக்கம். மீதி இருப்பவர்கள் மொத்தம் பதின்மூன்று பேர். அதில் மூன்று பேருக்குக் காது கேட்காது.

அந்த முதல் ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தது இறால் குஞ்சு பொரிக்கிற ஒரு கம்பெனியில், தொட்டி கழுவுகிற வேலைக்கு. இரண்டு மாதத்தில் குஞ்சுகளுக்கு ஏதோ நோய் வந்து மொத்தமாக மிதந்தன. குஞ்சு இல்லாத தொட்டியைக் கழுவ ஆள் எதற்கு? துணிப்பையோடு ரோட்டோரம் நின்றவனை இந்த மனிதர் பார்த்துவிட்டார். மறுபடி வண்டியில் ஏற்றினார். கோயிலுக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது, அதில் படுத்துக்கொள்ளச் சொன்னார். எத்தனாவது வரை படித்தாய் என்று கேட்டார். ஏழாவது, அதுவும் முழுசாக இல்லை என்றேன். "போதும். ஞாயித்துக்கெழம பூசைல மொத வாசகம் நீதான் வாசிக்கிற" என்றார். எனக்கு அந்தச் சாமி, இந்தச் சாமி என்று எதுவும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கண் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பேச்சு முடிந்தது.

பூசைக்கு வருகிற சாமியார் ஊருக்குப் புதியவர். பெரிய கோயிலிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நல்ல மனிதர், ஆனால் எண்ணத் தெரிந்தவர். செப்டம்பர் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று தலைகளை எண்ணினார்.

"பதிமூணு."

"பதினாலு சாமி" என்றார் இவர்.

சாமியார் மறுபடி விரல் நீட்டி எண்ணினார். பதின்மூன்றுதான். கூடையையும் ஆளாக எண்ணுகிற மனிதருக்கு இதெல்லாம் பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். சாமியார் கோபப்படாமல் சொன்னார்: அக்டோபர் மாதம் வரைக்கும் பார்ப்பாராம். முப்பது பேராவது வந்தால் சரி. இல்லாவிட்டால் நவம்பரிலிருந்து இங்கே ஞாயிறு பூசை கிடையாது, எல்லோரும் பெரிய கோயிலுக்கு வந்துவிட வேண்டியது.

இதில் இவருக்கு வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பதின்மூன்று பேர் வாராவாரம் பெரிய கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் அவர் ஆட்டோவில்தானே போக வேண்டும்? ஒரே நடைதான், பதின்மூன்று பேரும் அவருக்கு ஒரு வண்டி. ஆனால் மனிதர் அன்று சவாரிக்கே போகவில்லை. வண்டியின் பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அந்தச் சீட்டில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

கோயில் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் உண்டு. ஒன்று தெருவைப் பார்க்கும். இன்னொன்று பின்பக்கம், பத்தடி தள்ளியிருந்த ஒரு ஓட்டு வீட்டின் சுவரைப் பார்க்கும். ஆள் சேர்க்க உதவலாமே என்று நான் ஏறி, பின்பக்கக் குழாயை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் கேட்காமல் செய்த உதவிகளுக்கு நல்ல பெயர் கிடைத்ததில்லை. அவர் ஓடி வந்தார். கூரை மேல் ஏறி, குழாயைப் பழையபடி சுவரைப் பார்க்கத் திருப்பினார்.

"அது அங்கதான் பாக்கணும்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை நாஸ்தாவுக்குக் கூப்பிட்டார். போன இடம் அந்த ஓட்டு வீடு. உள்ளே கட்டிலில் அவர் மனைவி. நாலு வருடமாக வலது பக்கம் விழுந்துபோய்ப் படுத்திருக்கிறார். வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "வாசகம் வாசிக்கிறவன் நீதானா? நேத்திக்கு எல்லா 'ள'வும் 'ல' ஆயிப்போச்சி."

இட்லியை மென்றபடி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா விடவில்லை. நான் எந்த இடத்தில் மூச்சு வாங்கினேன், எந்தச் சொல்லை இரண்டாக உடைத்தேன் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். அந்தக் கோயிலில் என் வாசகத்தை முழுவதும் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்று தெரிந்தது.

பதினாலாவது ஆள் யார் என்றும் தெரிந்தது.

சாமியாருக்கும் விஷயம் தெரியும். மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து ஜெபம் சொல்லி நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் படுத்திருப்பவர்கள் வருகைக் கணக்கில் சேரமாட்டார்கள். அந்த அம்மாவுக்கும் அது மட்டும் போதவில்லை. "எனக்கோசரம் தனியா வந்து சொல்லிட்டுப் போறாரு. அது இன்னா, டாக்டரு வந்து ஊசி போட்ட மாரி கீது. கும்பலா சொல்லணும். அதுங்க சொல்லச்சொல்ல நானும் சொல்லணும்" என்றார். ஒருமுறை பெரிய கோயிலுக்கு ஆட்டோவில் கொண்டுபோகப் பார்த்தார்களாம். ரோடு வரைகூடப் போக முடியவில்லை, வலி தாங்காமல் திரும்பிவிட்டார்கள். ஒரு வண்டியில் பன்னிரண்டு பேரை ஏற்றுகிற மனிதரால் அந்த ஒரு ஆளை மட்டும் ஏற்ற முடியவில்லை.

அக்டோபர் பாதியில் பெரிய கோயிலிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாக் கிளைக் கோயிலிலும் அறிவிக்க வேண்டுமாம். எந்தக் குளிர் தேசத்தில் யார் எழுதிய தாளோ, அதைத் தமிழில் போட்டிருந்தார்கள். "இலையுதிர் காலம் தொடங்கும் இவ்வேளையில், இறைமக்கள் அனைவரும் திருவழிபாட்டில் முழுமனத்தோடு பங்கேற்க அன்புடன் அழைக்கிறோம்."

இவர் அதை என் கையில் கொடுத்து, இலையுதிர் காலம் என்றால் என்ன என்று கேட்டார். மரத்தில் இருக்கிற இலையெல்லாம் கொட்டுகிற காலம் என்றேன். சுற்றிப் பார்த்தார். தென்னையும் சவுக்கும் நின்றன. எதுவும் கொட்டுகிற மாதிரி இல்லை. ஐப்பசி பிறந்தால் இந்தக் கரையில் கொட்டுவது மழை ஒன்றுதான். "சரி, அவங்களுக்குக் கொட்னா நமக்கின்னா. நீ வாசி" என்றார்.

புதுப்பட்டினத்தில் மைக் செட் வைத்திருக்கிற பாய் ஒரு குழாயும் பேட்டரியும் சும்மாவே கொடுத்தார். "எங்க பள்ளிவாசல்ல கூப்ட்டா வராங்க. நீ கூப்ட்டா எறங்கி ஓட்றாங்க. அதுக்கு வாடகை வேற வாங்குவனா?" என்று சொல்லி வண்டி மேல் கட்டிவிட்டார். சனிக்கிழமை காலை முழுவதும் குப்பம் குப்பமாகச் சுற்றினோம். அவர் ஓட்ட, நான் வாசித்தேன். நீளமான சொல் வந்தால் எனக்கு நடுவில் நின்றுதான் போக வரும். அந்த அம்மா சொன்னது சரிதான். "இலை" என்று சொல்லி மூச்சு வாங்கினேன். மீதியைச் சொல்வதற்குள் கடல்காற்று தூக்கிக்கொண்டு போனது. "பங்கு" என்று சொல்லி நின்றேன். "ஏற்க" என்பது தென்னந்தோப்புக்குள் போயிற்று.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். அந்தக் கரையில் இலை என்றால் சாப்பாட்டு இலை. பங்கு என்றால் வலையில் வந்ததைப் பிரித்துக் கையில் கொடுப்பது. இரண்டையும் ஒரே அறிவிப்பில் அவர்கள் இதற்கு முன் கேட்டதில்லை. எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து திருத்தப் போனேன். அவர் திரும்பிப் பார்க்காமலே என் முழங்காலை அழுத்தினார்.

"நல்லா வாசிக்கிற. அப்டியே வாசி."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியது. பெஞ்சில் எட்டுப் பேர் உட்காரலாம் என்பது அன்றுதான் நிரூபணமானது. எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் முழங்கால் போட்டார்கள், முழங்கால் போட வேண்டிய இடத்தில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள், ஆனால் "ஆமென்" மட்டும் கூரை அதிர வந்தது. பூசை முடிந்தது. யாரும் எழவில்லை. சிலர் முற்றத்தில் போய் இரண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏன் யாரும் கிளம்பல?" என்று கேட்டார் சாமியார்.

"பக்தி சாமி" என்றார் இவர்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு சாமியார் சும்மா போக முடியுமா? முற்றத்திலேயே முழு ஜெபமாலை சொன்னார். ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தை ஜெபமும் முடிகிற வரை கூட்டம் கலையவில்லை. அதன் பிறகு மாதா பிரார்த்தனையும் சொன்னார். அதற்கும் கலையவில்லை. கடைசியில் ஒரு கிழவரிடம் குனிந்து, உங்களுக்கு என்ன வேண்டுதல் ஐயா என்று அன்பாகக் கேட்டார்.

"இல இன்னும் போடலியே" என்றார் கிழவர்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் காக்கிச் சட்டைப் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்தார். பிரித்தார். முதல் சொல்லில் விரலை வைத்தார்.

"இலை உதிர்ந்துபோச்சிபா. அதான் அறிவிப்புலியே சொன்னனே."

பிறகு நடந்ததில் பாதியை எழுத முடியாது. மீன்கார அம்மா எழுந்து போய் ஆட்டோ சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "இன்னிக்கி ஒதுந்துச்சில்ல? அடுத்த ஞாயிறு மொளைக்கட்டும். மொளைச்சாத்தான் சாவி" என்றார். சாமியார் ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த வாரம் வருவேன். இலைன்னு சொல்லாம எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்க்கணும். அதுதான் கணக்கு."

அந்த ஒரு வாரம் அவர் நடந்தே திரிந்தார். வீடு வீடாகப் போனார். போன வீடுகளில் எல்லாம் தட்டு, டம்ளர் வைத்துக்கொண்டு அவரை வரவேற்றார்கள். அவர் மனைவி மட்டும் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. போன ஞாயிறு "ஆமென்" எப்படி வந்தது என்பதை மட்டும் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

ஞாயிறு விடியும்போதே மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். சாமியார் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். உள்ளே இவரும் நானும் காது கேட்காத மூன்று பேரும். மணி ஒன்பது ஆயிற்று. சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இவர் வாசல்படியில் நின்று, ஸ்டாண்டில் பயணிகளிடம் சொல்வதையே சொன்னார்.

"ரெண்டே நிமிசம் சாமி. இன்னும் ஒரு ஆளு வந்தா எடுத்துடலாம்."

இரண்டு நிமிடம் போயிற்று. ஒன்பதே கால் ஆயிற்று. சாமியார் மெழுகுவர்த்தியை ஏற்றினார். அப்போது தெருமுனையில் மீன்கார அம்மா வந்தார். தலைக்கு மேல் முழு வாழை இலை ஒன்றைக் குடையாகப் பிடித்திருந்தார். நேராக இவர் முன்னால் வந்து இலையை இறக்கி உதறினார்.

"இல நானே கொண்டாந்துகினேன். சோறு எங்க?"

அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் பச்சையாக இருந்தது. ஆளுக்கொரு இலை. இவரை அவமானப்படுத்த வேண்டும் என்று முதல்நாளே பேசி வைத்துக்கொண்டார்களாம். மனிதனைக் கேலி செய்ய அந்த மழையில் தோப்புக்குப் போய் இலை அறுத்திருக்கிறார்கள். சாமி கும்பிடக் கூப்பிட்டிருந்தால் ஒருவரும் போர்வையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். குருத்தோலை ஞாயிறு ஐப்பசியில் வந்துவிட்டது போல எல்லோரும் இலையும் கையுமாகப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வந்துவிட்ட பிறகு என்ன செய்வது? பூசை கண்டார்கள். நான் வாசித்தேன். 'ள' எல்லாம் 'ள'வாகவே வர நாக்கை மடக்கினேன்.

கடலுக்குப் போகாத நாள். சோறு வீடுகளில் ஆகிக்கொண்டுதான் இருந்தது. பூசை முடிந்ததும் இவரைத் திட்டிக்கொண்டே ஒருவர் சோற்றுக் குண்டானைத் தூக்கி வந்தார். இன்னொருவர் திட்டிக்கொண்டே கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தார். கோயிலுக்குள்ளேயே, பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டுவிட்டு இலை விரித்தார்கள். இவர் பங்குக்கு என்ன என்று கேட்டார்கள். ஓடிப்போய் வீட்டிலிருந்து உப்புச் சாடியைத் தூக்கி வந்து ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டு போனார். "எலையில மொதல்ல வெச்சது யாரு? நானு" என்றார். மீன்கார அம்மா சாவியை அவர் மேல் எறிந்தார்.

சாமியார் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்திரெண்டு சாமி."

சாமியார் பின்பக்கச் சுவரை ஒருமுறை பார்த்தார். நோட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினார். பூசை நிற்கவில்லை.

மார்கழியில் நான் கிளம்பிவிட்டேன். எனக்கு எந்த இடத்திலும் அதற்கு மேல் கால் தங்காது. இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறேன். வருடா வருடம் அக்டோபர் பிறந்ததும் அவர் போன் வரும். ஜெபமாலை மாதம், வாசகத்துக்கு ஆள் இல்லை, வா என்பார். வரமாட்டேன் என்பேன். இந்த வருடமும் வந்தது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சி."

"சாமி எண்ணினா?"

"முப்பத்திமூணுன்றாரு."

கட்டிலில் படுத்துக்கொண்டு பதில் சொல்கிற ஒரு ஆள் சரி. அந்த அம்மா நலம்தான் என்று போனில் முதலிலேயே சொல்லியிருந்தார், என் 'ள' பற்றியும் விசாரித்தாராம். ஆனால் அப்படியும் ஒன்று அதிகமாக இருக்கிறதே, கூடையை எண்ணிவிட்டாயா அண்ணாத்த என்று கேட்டேன்.

வண்டி உறுமுகிற சத்தமும், பின்னால் யாரோ ஒருவர் இடம் இல்லை என்று திட்டுவதும் கேட்டது.

"ஏன்," என்றார். "நீ எறங்கிட்டியா இன்னா?"